பெயர் சொல்லாத ஒரு சகோதரர்

அந்த சகோதரர் யார் என்று யாரும் கேட்கக் கூடாது. அது அவளே போட்ட சட்டம்.

சபையின் ஜெபக் குழு அவள் பொறுப்பில் வந்தபோது, அங்கே ஜெபம் கொஞ்சமும் ஊர்வம்பு நிறையவும் நடந்துகொண்டிருந்தது. 'இன்னார் வீட்டில் சண்டை, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் போதும். ஆமென் சொல்வதற்குள் செய்தி தெருமுனையைத் தாண்டியிருக்கும். யாருக்காக ஜெபித்தார்களோ அந்த ஆள் அடுத்த ஞாயிறு தலைகாட்ட மாட்டார்.

அவள் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். அவள் மேஜைக்கு வரும் ரத்தக் குப்பிகளில் பெயர் இருக்காது. நம்பர் மட்டும்தான். யாருடைய ரத்தம் என்று தெரிந்தால் மனசு குறுக்கே வரும். தெரியாவிட்டால் வேலை சுத்தமாக முடியும்.

"இங்கேயும் அப்படியே வெச்சுக்கலாம் பாஸ்டர். யாருக்கு என்ன கஷ்டமோ உங்ககிட்ட மட்டும் சொல்லட்டும். நீங்க எங்ககிட்ட சொல்லும்போது ஒரு சகோதரர், ஒரு சகோதரி, அவ்வளவு போதும். ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும்" என்றாள்.

பாஸ்டர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வம்பு நின்றது. ஆட்கள் தைரியமாக வந்து குறைகளைச் சொன்னார்கள். ஜெபக் குழு வளர்ந்தது. சபையில் எல்லோரும் அவளைக் கைகாட்டிப் பேசினார்கள்: "கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு அந்தப் பொண்ணுக்கு? வேலை, வீடு, சபை, எல்லாத்தையும் எப்படி பேலன்ஸ் பண்ணுது பாரு!"

அப்போதுதான் அந்த சகோதரர் வந்து சேர்ந்தார்.

"ஒரு சகோதரர்" என்று ஆரம்பித்தார் பாஸ்டர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. "கல்யாணம் ஆனவர். வீட்ல சண்டை இல்ல, சச்சரவு இல்ல. மனைவி நல்லவங்க. ஆனா தனியா இருக்கறதா சொல்றார்."

"சண்டையே இல்லாம என்ன தனிமை?" என்றார் அல்லேலூயா ஆன்ட்டி. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. அதனால் வந்த பெயர் அது.

"சண்டை போடக்கூட வீட்ல ஆள் இருக்கணுமே ஆன்ட்டி" என்றார் பாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

பிறகு கண்களை மூடி ஜெபித்தார்கள். ஆன்ட்டி கையை உயர்த்தி, கூரை அதிர, "கல்லாப் போன அந்த மனைவியோட நெஞ்சை உடையும் ஆண்டவரே!" என்றார்.

அந்த அறையிலேயே உரத்த ஆமென் அவளுடையது.

*

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்.

ஊரில் எங்கே லிஃப்ட் நின்றாலும் அவன் போனுக்கு மணி அடிக்கும். மத்தியானம் கிளம்பினால், வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவளுக்கு விடிவதற்கு முன்பே ஷிஃப்ட். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் ஈரமாக இருந்தால், அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். அவள் செருப்பு வாசலில் இல்லை என்றால், அவள் போய்விட்டாள் என்று அர்த்தம். பெரும்பாலும் இந்த மாதிரி அடையாளங்களை வைத்துத்தான் ஒருவர் உயிரோடு இருப்பதை இன்னொருவர் தெரிந்துகொண்டார்.

ஞாயிறு அவளுக்கு முழுநாளும் சபை. காலையில் பாட்டு, அப்புறம் பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல், மத்தியானம் கமிட்டி. அவனும் வருவான். கடைசி வரிசையில் உட்காருவான். பாதி பிரசங்கத்தில் பாக்கெட் அதிரும். குனிந்தபடியே வெளியே போய்விடுவான்.

அவனுக்கு வாராந்தர லீவு வெள்ளி. கல்யாணமான புதிதில் வெள்ளி மாலைகள் இருவருக்கும் சொந்தம். ஆற்றுப்பாலம் வரை நடப்பார்கள். அவன் லிஃப்ட் கதைகளாகச் சொல்வான்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்க எதுக்கு பயப்படறாங்க தெரியுமா? இருட்டுக்கு இல்ல. கீழ விழுந்துடுவோம்னுகூட இல்ல. சத்தமே இல்லாம இருக்குல்ல, அதுக்கு. அதனால நான் மேல நின்னு பேசிக்கிட்டே இருப்பேன்."

"என்ன பேசுவீங்க?"

"என்ன வேணா. வெயில் ஜாஸ்தி, பஸ்ல கூட்டம், எங்க வீட்டு மைக்ராஸ்கோப் நேத்து என்னைத் திட்டினா. சில பழைய லிஃப்ட்ல உள்ள இருக்கற மைக் வேலை செய்யாது. அவங்க பதில் சொன்னா நமக்குக் கேட்காது. ஆனா நாம பேசறது அவங்களுக்குக் கேட்கும். அதனால நிறுத்தக் கூடாது. கதவு திறக்கற வரைக்கும் பேசணும்."

மைக்ராஸ்கோப் என்பது அவளுக்கு அவன் வைத்த பெயர். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் கண்டுபிடிப்பவள் என்ற அர்த்தத்தில்.

ஜெபக் குழுவை நடத்தச் சொல்லி பாஸ்டர் கேட்டபோது அவள் முதலில் அவனிடம்தான் வந்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலமாம். என்ன சொல்றீங்க?"

அவன் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துப் பெட்டிக்குள் வைத்தான். "ஆண்டவர் வேலைக்கு நான் என்ன குறுக்க சொல்றது? போ" என்றான்.

போ என்று அவனே சொன்னான். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

*

அந்த சகோதரர் அவளை விடுவதாக இல்லை.

ஒவ்வொரு வெள்ளியும் பாஸ்டர் புதிதாக ஒரு துணுக்கு கொண்டுவந்தார். இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாராம். ஒன்றில் சாப்பிட்டுவிட்டு, மற்றதை அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறாராம். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, குரல் சரியாக இருக்கிறதா என்று பேசிப் பார்த்தாராம்.

அவளுக்கு லேபில்கூட அந்த ஆள் ஞாபகம் வந்தார். யார் இவர்? கேட்கக் கூடாது என்ற சட்டம் நாக்குக்குத்தான், மூளைக்கு இல்லையே. ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் பக்கத்தை ஓரக்கண்ணால் நோட்டம் விட்டாள்.

பஸ் டிரைவர்? சேச்சே, அவர் மனைவி நிழல் மாதிரி கூடவே திரிகிறாள். சவுண்ட் பாக்ஸ் பார்க்கும் அண்ணன்? அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. டிரம்ஸ்காரர்... ஆமாம், டிரம்ஸ்காரர்! முகத்தில் ஒரு வாட்டம். சாப்பாட்டு நேரத்தில் தனியாக நிற்கிறார். மனைவி ஸ்கூல் டீச்சர். வெள்ளி தவறாமல் ஜெபத்துக்கு வந்துவிடுகிறாள்.

கேஸ் முடிந்தது என்று நினைத்தாள்.

டீச்சரை மாடிப்படிக்குக் கீழே ஓரங்கட்டினாள். "வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்டா. வீட்ல இரு. அவரோட உட்கார்ந்து பேசு."

"எவரோட?"

"உன் வீட்டுக்காரரோடதான்!"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நான் இங்க வர்றதே அந்த மனுஷன் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்னுதான். நான் பேச ஆரம்பிச்சா அவர் டிரம்ஸை எடுத்துடறார். வாட்டமா இருக்காரா? பல் வலி அக்கா. பிடுங்கப் பயம்."

அவள் அசடு வழிந்தாள். போகும்போது டீச்சர் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள்: "ஆமா, உங்க வீட்ல அண்ணன் எப்படி இருக்கார்? ஆராதனை முடியற வரைக்கும் இருந்து பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"அவருக்கென்ன, ஜம்முன்னு இருக்கார்."

சொல்லிவிட்டு யோசித்தாள். கடைசியாக எப்போது பார்த்தோம்? முந்தாநாள் தூக்கத்தில். புரண்டு படுத்திருந்தான். முதுகைப் பார்த்தாள். முதுகு நன்றாகத்தான் இருந்தது.

*

அந்த வாரம் பாஸ்டர் ஞாயிறே அவளைக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அந்த சகோதரர் விஷயம்மா. கடல் தாண்டிப் பெரிய கட்டட வேலை ஒண்ணு வந்திருக்கு. ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். மனைவியைக் கூட்டிட்டுப் போக முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும்."

"ஐயோ. போறாராமா?"

"ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கார். அதுக்குள்ள ஒரே ஒரு சாயங்காலம், யாரும் சொல்லிக்கொடுக்காம, அவர் மனைவி தானா அவரோட வீட்ல தங்கணும். தங்கினா போக மாட்டாராம். இல்லேன்னா போயிடுவாராம். மனைவிகிட்ட நான் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. "ஒரு சாயங்காலம்! அதுகூட முடியாம அந்தப் பொண்ணுக்கு அப்படி என்ன வெட்டி முறிக்கற வேலை?"

"நல்ல வேலைதான்மா" என்றார் பாஸ்டர் மெதுவாக. "அவங்க செய்யறது எல்லாமே நல்ல வேலைதான்."

"வெள்ளிக்கிழமை ஸ்பெஷலா உபவாச ஜெபம் வெச்சிடலாம். மத்தியானத்துலேர்ந்தே. நான் லேப்லேர்ந்து நேரா வந்துடறேன்."

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ ரொம்ப அலுத்துத் தெரியறே. இந்த வெள்ளி வேணும்னா ரெஸ்ட் எடுத்துக்கோயேன். ஆன்ட்டி நடத்தட்டும்."

"என்ன பாஸ்டர் நீங்க! ஒரு குடும்பம் பிரியற நேரத்துல எனக்கு ரெஸ்டா?"

பாஸ்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா" என்றார்.

வியாழன் அன்று அதிசயமாக இருவரும் விழித்திருந்தார்கள். ஏதோ ஒரு கட்டடத்தில் கரண்ட் இல்லாததால் அவன் சீக்கிரமே திரும்பிவிட்டான். அவள் யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஜெபம் உண்டா?"

"இது என்ன கேள்வி? வெள்ளிக்கிழமை எப்ப இல்லாம இருந்திருக்கு? நாளைக்கு ஸ்பெஷல் வேற. மத்தியானத்துலேர்ந்தே."

"யாருக்கு?"

"பேரெல்லாம் கேட்கக் கூடாது. யாரோ ஒரு சகோதரர். பாவம், கட்டினவ சரியில்ல போல."

அவன் சிரித்தான். சின்னச் சிரிப்பு. "அப்படியெல்லாம் இருக்காது. நல்லவளாதான் இருப்பா."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

"நல்லா ஜெபம் பண்ணு. எனக்கும் சேர்த்து."

"உங்களுக்கு என்ன குறைச்சல்?" என்றாள், காலரை மடித்துக்கொண்டே.

அவன் பதில் சொன்னானா என்று தெரியவில்லை. அயர்ன் பாக்ஸ் 'உஸ்' என்றது.

*

வெள்ளி. சபையின் பின்னறை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறி கழுத்து வலிக்காரர் மாதிரி பாதி திரும்பி நின்றுவிட்டு, மறுபடி திரும்பியது.

மாலை மங்கிக்கொண்டு வந்தது. பசியில் அவளுக்குக் காதடைத்தது. ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபித்தார்கள். டீச்சர் ஜெபித்தாள். ஆன்ட்டி கூரையை அதிரவைத்தார். கடைசியாக பாஸ்டர் முழங்காலில் நின்றார்.

அவர் வழக்கமாக நிதானமாக ஜெபிப்பவர். அன்று குரல் உடைந்தது.

"ஆண்டவரே, ஊர்ல எந்தக் கதவு அடைச்சுக்கிட்டாலும் ஓடிப்போய்த் திறக்கறவர் அவர். நடுவழியில மாட்டிக்கிட்டவங்ககிட்ட, பயப்படாதீங்க, நான் மேலேதான் நிக்கறேன்னு பேசிக்கிட்டே இருக்கறவர். இன்னிக்கு அவரே உள்ள மாட்டிக்கிட்டு இருக்கார். அவர்கிட்ட பேச ஆள் இல்ல..."

அவள் கண்ணைத் திறந்தாள்.

அறையில் அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். பாஸ்டரும்தான். அவர் வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா? மனைவியிடம் மூச்சு விடக் கூடாது என்றுதான் சத்தியம். ஆண்டவரிடம் சொல்லக் கூடாது என்று இல்லையே. இதை அவள் அவரிடம் பிற்பாடும் கேட்கவில்லை.

கடல் தாண்டிப் பெரிய கட்டடம். இரண்டு தட்டு. கல்லாய்ப் போன நெஞ்சு.

ஆமென் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

கைப்பையை எடுத்தாள். செருப்பை மாட்டக்கூட இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் ஆன்ட்டியின் குரல் கேட்டது: "என்னாச்சு கண்ணு, மயக்கமா?"

பஸ் வந்தது. சிக்னலில் நின்றது. அடுத்த சிக்னலிலும் நின்றது. டிரைவர் அவர்கள் சபைக்காரர்தான்; கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "என்னம்மா, ஜெபம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" அவள் படியருகிலேயே நின்றுகொண்டாள்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. 'இருந்தா வீட்லயும் வேலை பார்க்கணும்' என்று சொல்லி அவன் பிடித்த வீடு. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். கதவு பூட்டியிருக்கவில்லை.

அவன் மேஜையில் இருந்தான். இரண்டு தட்டு. அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் போன்.

"பதில் சொல்லிட்டீங்களா?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அவன் முகத்தை அவள் இப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. வாய் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறானா சிரிக்கப்போகிறானா என்று தெரியவில்லை.

"வந்துட்டியா? ஜெபம்?"

"இன்னும் முடியல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன்."

"அப்ப..." குரல் குழைந்தது. "தானாவா வந்தே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் போனை எடுத்து 'வரலை சார்' என்று சொல்லிவிடுவான். முட்டையைப் பாதியாக வெட்டி அவள் தட்டில் வைப்பான். நாளைக்கு எல்லாம் பழையபடி. ஆற்றுப்பாலம்கூட இருக்கும்.

அவனும் நம்புவான். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

அதுதான் அவளைத் தடுத்தது. ஆண்டவரிடம் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவன் இன்றைக்கு முழங்காலில் நின்று நன்றி சொல்வான். அவள் பக்கத்தில் நின்று ஆமென் சொல்ல வேண்டும். தெரியாமல் சொன்ன ஆமென்களே போதாதா?

"தானா வரல" என்றாள். "பாஸ்டர் ஜெபத்துல... பேர் சொல்லல. ஆனா நீங்கதான்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. புரிஞ்ச அடுத்த நிமிஷம் ஓடி வந்தேன்."

அவன் முகத்து விளக்கு அணைய நேரம் எடுத்தது. அவன் குனிந்து நாற்காலியை நிமிர்த்தினான்.

"ஓடி வந்தேனே, அது கணக்குல வராதா?"

"வரும். நிச்சயமா வரும்." அவன் உட்கார்ந்தான். "ஆனா நான் கேட்டது அது இல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே! ஏய் மைக்ராஸ்கோப், இன்னிக்கு போகாதேன்னு ஒரு வார்த்தை. ஆண்டவர் வரைக்கும் போகணுமா? நான் அடுத்த ரூம்லதானே இருந்தேன்?"

"எங்க இருந்தே?" அவன் கேட்டதில் கோபம் இல்லை. "நானும் தப்புதான். போன்னு நானே சொல்லிட்டு, போயிட்டாளேன்னு உட்கார்ந்திருந்தேன். கேட்டு வாங்க வெட்கமா இருந்துச்சு. லீவு கேட்கற மாதிரி."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் செருப்பு இருந்தது.

"போகாதீங்க. இப்ப கேட்கறேன். நான் கேட்கறேன்ல?"

அவன் முட்டையின் மிச்ச ஓட்டை உரித்து முடித்தான். "ஆண்டவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். இப்ப உனக்காக அதை மாத்தினா, அப்புறம் நான் சொல்றது எதுக்குமே மதிப்பில்ல. நீ இப்ப பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. நானும் அப்படித்தான்." போனை எடுத்தான். "நீ வராமலே இருந்திருந்தா கோபத்தோட போயிருப்பேன். இப்ப கோபம் இல்ல."

பால்கனிக்குப் போய்ப் பேசினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்து முட்டையைப் பாதியாக வெட்டினான். சாப்பிட்டார்கள். அந்த இரண்டு தட்டும் ஒன்றாக அழுக்கானது அன்றைக்குத்தான்.

*

அவன் போன பிறகு அவள் பாஸ்டரைப் போய்ப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை இனி தன்னால் முடியாது என்றாள்.

"இப்பதான் அவர் இல்லையேம்மா. தனியா வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறே?"

"உட்கார்ந்திருக்கணும் பாஸ்டர். அவ்வளவுதான்."

"உனக்காக ஜெபிக்கச் சொல்றேன். ஒரு சகோதரின்னு..."

"வேண்டாம். பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணச் சொல்லுங்க. வம்பு பேசினா பேசட்டும்."

ஆன்ட்டி பேசினார். ஆனால் அதற்கு முன்னால் வீடு தேடி வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, முதல்முறையாகச் சத்தமே இல்லாமல் அழுதுவிட்டுப் போனார்.

முதல் வெள்ளி. லேபிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, எதிர்க் கட்டடத்தில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அப்புறம் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். மறுபடி எடுத்து வந்தாள்.

போன் அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கட்டடத்துக்குள் லிஃப்ட் குழியில் நிற்பான். அங்கே மணிச்சத்தம் கேட்காது.

குரல் பதிவு செய்யும் பட்டனை அழுத்தினாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அறையில் சத்தமே இல்லை. அவன் சொன்னது சரிதான்; பயமாகத்தான் இருந்தது.

"ஏங்க, நான்தான். இன்னிக்கு இங்க வெயில் ஜாஸ்தி. பஸ்ல நிக்க இடமில்ல. டிரம்ஸ்காரர் ஒருவழியா பல்லைப் பிடுங்கிக்கிட்டார், ஆஸ்பத்திரி பூரா கேட்கற மாதிரி ஒரு கத்தல். சமையலறைக் குழாய் சொட்டுது. போறதுக்கு முன்னாடி நீங்க போட்ட வாஷர் சரியில்ல, அதைச் சொல்லத்தான் எடுத்தேன். நான் வீட்லதான் இருக்கேன். நீங்க பேசறது எனக்குக் கேட்காது. பரவாயில்ல, நான் நிறுத்தல. அப்புறம், இன்னிக்கு லேப்ல என்னாச்சுன்னா..."